விளிம்பைப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், “ஓர் ஓவியத்தைப் பார்த்ததும் அது எந்தக் கலை இயக்கத்தைச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது?” என்று ஒருவர் கேட்டதற்கு நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். போதவில்லை என்று கடிதங்கள் வந்துவிட்டன. நியாயம்தான். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் முப்பத்தொரு வருடம் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு தடவை மகன் வீட்டுக்கு லண்டன் போனேன். அங்கே நேஷனல் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நாள் கணக்காக அங்கே உட்கார்ந்து பென்சிலால் பார்த்துப் பார்த்து வரைந்த நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. கீழே சொல்வதில் நிறைய அதிலிருந்து வருவதுதான்.

முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். பெயர் போடாத படத்தைக் கொடுத்து எந்த இயக்கம் என்று கேட்கிறார்கள். மறுமலர்ச்சிக்கும் பரோக்குக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் படத்தைப் பார்த்தால் குழம்புகிறது. இரண்டிலும் இயேசு, மாதா, புனிதர்கள்தான். என்ன செய்வது டீச்சர்?
— மாணவர், மதுரை

தம்பி, அட்டவணையை இரண்டு வாரம் மூடி வையுங்கள். அதில் தவறு இருக்காது. ஆனால் ‘சமநிலை’, ‘நாடகத்தன்மை’ என்ற சொற்களை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் எந்தப் படத்திலும் இரண்டுமே கிடைக்கும்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இயேசு சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். ஒன்று மறுமலர்ச்சி: லியோனார்டோ டா வின்சி 1495 முதல் 1498 வரை மிலான் நகரத்து மடம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடச் சுவரில் வரைந்த ‘இறுதி இராவுணவு’. மற்றது பரோக்: கரவாஜியோ 1601இல் வரைந்த ‘எம்மாவுவில் இராவுணவு’. உயிர்த்தெழுந்த இயேசுவை யாரென்று தெரியாமலே இரண்டு சீடர்கள் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவர் அப்பத்தை ஆசீர்வதிக்கும்போது சட்டென்று புரிந்துவிடுகிறது. அந்தக் கணம்தான் படம்.

லியோனார்டோவின் மேசை நமக்கு நேரெதிரே, படத்தின் அகலத்துக்கு நீண்டு கிடக்கிறது. பன்னிரண்டு சீடர்களும் மும்மூன்று பேராக நான்கு கூட்டம். கூரைக் கட்டங்களின் கோடுகளையும் பக்கச் சுவர்களின் கோடுகளையும் ஸ்கேல் வைத்து நீட்டினால் எல்லாம் இயேசுவின் தலையில் போய்ச் சேரும். அந்த இடத்தில் ஓவியர் ஆணி அடித்த துளை சுவரிலேயே இருக்கிறது. ‘உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்று அவர் சொல்லி முடித்த நேரம். ஒருவர் எழுந்துவிட்டார், இன்னொருவர் கையை விரிக்கிறார், ஒருவர் விரலை நீட்டுகிறார். பாருங்கள், நாடகம் இங்கேயும் இருக்கிறது! உங்கள் அட்டவணை காலை வாருவது இந்த இடத்தில்தான். ஆனால் அந்தப் பதற்றம் மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை. நாம் கீழே பெஞ்சில் இருக்கிறோம், அது மேடையில் நடக்கிறது.

கரவாஜியோவிடம் மேடை கிடையாது. வலப்பக்கச் சீடர் இரண்டு கைகளையும் அகல விரித்திருக்கிறார். ஒரு கை உள்ளே இருட்டை நோக்கிப் போகிறது, இன்னொன்று நேராக நம் முகத்துக்கு வருகிறது. இடப்பக்கத்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப்போகிறார், முழங்கையில் சட்டை கிழிந்திருக்கிறது. பழக்கூடை மேசை ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு, எந்த நேரமும் கீழே விழும்போல் இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது அதைப் பிடிக்க என் கை உண்மையிலேயே அசைந்தது. ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: படம் தன் இடத்திலேயே நிற்கிறதா, நான் நிற்கும் இடத்துக்குள் வருகிறதா?

இரண்டாவது கேள்வி விளிம்பு. மறுமலர்ச்சிப் படத்தில் ஓர் உருவத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தடங்கல் இல்லாமல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். லியோனார்டோ விளிம்புகளைப் புகைபோல மெதுவாகக் கரைப்பவர். அவரிடமும் உருவம் எங்கே முடிகிறது என்று தெரியும். பரோக்கில் விரல் பாதி வழியில் தொலைந்துபோகும். ரெம்பிராண்ட் தன் 63வது வயதில், 1669இல், வரைந்த தன்னுருவப் படத்தை நோட்டில் வரைய முயன்றேன். முகத்துக்குக் கோடு போட முடிந்தது, கோட்டு எங்கே முடிந்து சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று பல இடத்தில் பிடிபடவே இல்லை. ஒளி பட்ட இடம் மட்டும் இருக்கிறது, மீதியை நம் கண்ணே முடித்துக்கொள்கிறது.

ஏன் இப்படி மாறியது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போது மறக்காது. புராட்டஸ்டண்ட் எதிர்ப்புக்குப் பதில் கொடுக்கக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல் முடிந்தபோது, படங்கள் சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டும், பக்தியைத் தூண்ட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. கிழிந்த சட்டை போட்ட சீடர் அந்தக் காற்றில் வந்தவர்.

நடுவில் ஒரு பொறி இருக்கிறது, தேர்வில் அடிக்கடி வைப்பார்கள். விளிம்பு தெளிவாக இருக்கும், நிறம் பளபளக்கும், ஆனால் உடம்பு நீண்டுபோயிருக்கும், இடம் எங்கேயோ இடிக்கும். பார்மிஜானினோவின் ‘நீண்ட கழுத்து மாதா’ அப்படித்தான். மாதாவின் கழுத்து அன்னத்தின் கழுத்துபோல, குழந்தை மடியிலிருந்து வழுக்கி விழும்போல, வலது மூலையில் ஒரு மனிதர் பொம்மை அளவுக்குச் சின்னதாக. அது பரோக் இல்லை, மேனரிசம். ஓவியருக்கு வரையத் தெரியாமல் நீட்டிவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். மறுமலர்ச்சி ஓவியர் ரஃபேல் அளவுகளை எல்லாம் சரியாகச் செய்து முடித்த பிறகு வந்த தலைமுறை, அந்தச் சரியைத் தாண்டிப் போக வேறு வழி தேடியது.

பரோக் என்றால் இருட்டு, வேகம், பெரிய அசைவு என்று படித்தேன். வெர்மீரையும் பரோக் என்றே போட்டிருக்கிறார்கள். பால் ஊற்றும் பெண் அமைதியாக நிற்கிறாள். அங்கே பரோக் எங்கே இருக்கிறது?
— வாசகர், கோவை

மிக நல்ல கேள்வி. இயக்கத்தின் பெயர் சில சமயம் ஒரு பாணியைச் சொல்கிறது, சில சமயம் ஒரு காலத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால்தான் இந்தச் சிக்கல்.

டெல்ஃப்ட் நகரத்து வெர்மீர் (1632–1675) வாழ்ந்த டச்சு நாட்டில் புராட்டஸ்டண்ட் ஆலயங்களுக்குப் பலிபீடப் படங்கள் தேவைப்படவில்லை. படம் வாங்கியவர்கள் வியாபாரிகள், வீட்டுச் சுவருக்காக வாங்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அந்தப் பால்காரப் பெண்ணின் படம் அரை மீட்டர் கூட இல்லை, ஒரு காலண்டர் அளவுதான்.

ஆனாலும் கரவாஜியோவோடு உறவு இருக்கிறது. ஒரே பக்கத்து ஒளி. சாதாரண மனுஷிக்கு ராணிக்குரிய மரியாதை. உறவுக்குச் சாட்சியும் இருக்கிறது. இத்தாலி போய்க் கரவாஜியோவின் பாணியைக் கற்றுத் திரும்பிய உட்ரெக்ட் நகரத்து ஓவியர்களில் ஒருவர் டிர்க் வான் பாபூரன். அவருடைய படம் ஒன்று வெர்மீரின் மாமியாரிடம் இருந்தது. லண்டனில் இருக்கும் ‘விர்ஜினல் வாத்தியத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்’ படத்தில், பின்சுவரில் அதே படத்தை வெர்மீர் மாட்டியே வைத்திருக்கிறார்!

பால்காரப் பெண்ணின் வலப்பக்க விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோளையும் பாவாடையையும் ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். சுவரிலிருந்து அவளைப் பிரித்தெடுக்க அவர் செய்த வேலை அது. மேலே சுவரில் ஒற்றை ஆணி, அதற்கும் ஒரு நிழல். இவ்வளவு பொறுமையாக ஒரு ஆணியைப் பார்த்த மனிதரை எந்தப் பெட்டியில் போட்டாலும் அவர் பாதி வெளியேதான் நிற்பார். தேர்வில் ‘டச்சுப் பரோக்’ என்று எழுதுங்கள், சரியான விடை அதுதான்.

ரொமான்டிசிசம் என்றதும் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், காதல் படம் என்று நினைத்து. தேடினால் மூழ்கும் கப்பலும் பிணமும் வருகின்றன. எப்படி விளக்குவது?
— ஆசிரியை, திருநெல்வேலி

சிரிக்கட்டும், நல்ல தொடக்கம்தான். இடைக்காலத்து வீரசாகசக் கதைகளுக்கு ‘ரொமான்ஸ்’ என்று பெயர். அங்கிருந்து வந்த சொல் இது. நம் பாடப் புத்தகங்களில் கற்பனாவாதம் என்று போடுகிறார்கள். நான் வகுப்பில் முதலில் எதிர்ப்பக்கத்தைக் காட்டுவேன். தாவீத் 1784இல் வரைந்த ‘ஹொரேஷியஸ் சகோதரர்களின் சபதம்’, பழைய ரோமாபுரிக் கதை. பின்னால் மூன்று வளைவுகள். முதல் வளைவின் கீழே மூன்று மகன்கள் கை நீட்டுகிறார்கள், நடுவே தந்தை மூன்று வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார், மூன்றாவதன் கீழே பெண்கள் துவண்டு சாய்ந்திருக்கிறார்கள். உளியால் செதுக்கியதுபோல விளிம்புகள். தூரிகைத் தடம் கண்ணில் படாது. ஆண்களின் கைகால்கள் எல்லாம் நேர்கோடு, பெண்களின் உடல்கள் எல்லாம் வளைகோடு. கடமை முன்னால், கண்ணீர் ஓரமாக. இது புதுச்செவ்வியல், பழைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட இயக்கம்.

இப்போது ழெரிகோவின் ‘மெடூசாவின் தெப்பம்’. 1819இல் பாரிசில் காட்சிக்கு வந்தது. அகலம் 7 மீட்டருக்கு மேல். 1816இல் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே தரை தட்டியது. படகுகள் போதாமல் ஏறக்குறைய 150 பேரைக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் ஏற்றி, படகுகளோடு கட்டி இழுத்தார்கள், பிறகு அந்தக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். 13 நாள் கழித்து மீட்கப்பட்டவர்கள் 15 பேர். கப்பல் தலைவருக்கு அனுபவத்தால் அல்ல, அரசு செல்வாக்கால் கிடைத்த பதவி அது. ழெரிகோ தப்பி வந்தவர்களிடம் பேசினார், தெப்பத்தின் மாதிரியைச் செய்து வைத்துக்கொண்டார், பிணவறைக்குப் போய் உடல்களை வரைந்தார். அதாவது பழைய ரோமாபுரிக் கதை இல்லை, மூன்றே வருடத்துக்கு முந்தைய செய்தி.

பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: காப்பாற்ற வந்த கப்பல் எங்கே? வலது பக்கம் அடிவானத்தில் எறும்பளவு. கீழே இடது மூலையில் இறந்த உடல்கள், அங்கிருந்து கண் மேலே ஏறி ஏறி, உச்சியில் துணியை ஆட்டும் கறுப்பின மனிதர்வரை போகும். ஆனால் பாயைப் பிடித்த காற்று அவர்களை எதிர்த்திசைக்குத் தள்ளுகிறது. இயற்கை பெரிது, மனிதன் சிறிது, அவனுடைய உணர்ச்சி மட்டும் அடங்க மறுக்கிறது. ரொமான்டிசிசம் இங்கேதான் இருக்கிறது.

கூர்மையான பிள்ளை ஒன்று கேட்கும்: 13 நாள் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி இவ்வளவு தசை? என் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த உடல்கள் பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்துப் பழகிய கையிலிருந்து வந்தவை. பழைய பயிற்சி ஒரே நாளில் கையைவிட்டுப் போவதில்லை. பெரிய படங்கள் எல்லாவற்றிலும் போன தலைமுறை கொஞ்சம் மீதம் இருக்கும், அதையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

மனே, மொனே இருவரும் ஒரே கூட்டம்தானா? பெயரும் ஒன்றுபோல இருக்கிறது, படமும் ஒன்றுபோல இருக்கிறது.
— கல்லூரி மாணவி, சென்னை

பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது. படத்தில் கறுப்பைத் தேடுங்கள். மனே கறுப்பை ஆசையாகப் பயன்படுத்துவார், கோட்டு, தொப்பி, கழுத்து ரிப்பன் எல்லாம் தட்டையான அழகான கறுப்பு. மொனேவின் இம்ப்ரஷனிசப் படங்களில், அதாவது ஒரு கணத்து வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற படங்களில், நிழல் கறுப்பாக இருக்காது, நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். 1874 முதல் 1886 வரை நடந்த எட்டு இம்ப்ரஷனிசக் கண்காட்சிகளில் ஒன்றில்கூட மனே படம் வைக்கவில்லை. அவர்களுக்கு நண்பர், அவர்களால் மதிக்கப்பட்டவர், ஆனால் வெளியே நின்றவர்.

மொனேவைப் பற்றி எனக்கு ஒரு பழைய கதை உண்டு. நான் படித்த காலத்தில் நூலகப் புத்தகத்தில் ‘இம்ப்ரஷன், சூரிய உதயம்’ கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகியிருந்தது. 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் வரைந்தது, அந்த இயக்கத்துக்கே பெயர் கொடுத்த படம். விமர்சகர் லூயி லெருவா 1874இல் இந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார், கேலியே பெயராக நின்றுவிட்டது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தலைப்பில் சூரியன் இருக்கிறது, படத்தில் சூரியனைக் காணோம்! அச்சு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சில் தவறே இல்லை. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்த ஆரஞ்சுச் சூரியனும் அதைச் சுற்றிய சாம்பல் நீல வானமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம். நிறத்தை எடுத்துவிட்டால் சூரியன் வானத்துக்குள் மறைந்துவிடும். உங்கள் போனில் இப்போதே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பிறகு கரவாஜியோவையும் மாற்றிப் பாருங்கள், அவர் அப்படியே நிற்பார். ஒருவர் ஒளியையும் இருளையும் வைத்துப் படம் கட்டுகிறார், இன்னொருவர் நிறத்தையும் நிறத்தையும் வைத்துக் கட்டுகிறார். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைவிட நல்லது இல்லை.

இதற்கு ஒரு சின்னப் பொருளுக்கும் நன்றி சொல்ல வேண்டும், வண்ணம் அடைத்த வெள்ளீய ட்யூப். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். ட்யூப் வந்த பிறகு பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போக முடிந்தது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ படத்தை வரைந்து ‘இம்ப்ரஷனிசம்’ என்று எழுதினாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். அதிலும் தூரிகைத் தடம் தெரிகிறதே அம்மா?
— தாய், திருச்சி

மகள் கவனித்தது சரிதான் என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். தூரிகைத் தடத்தை அந்தக் கூட்டத்திடமிருந்துதான் வான்கோ எடுத்துக்கொண்டார். ஆனால் எதற்காகப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். மொனேவின் தடம் ஒரு நேரத்து வெளிச்சத்தைப் பிடிக்க ஓடும். வான்கோவின் தடம் ஒரே திசையில் வரிவரியாகச் சுழலும், வயலில் உழவுச் சால் போல. அப்புறம் விளிம்பு! மொனே கரைத்துவிட்ட விளிம்பை இவர் திரும்பக் கொண்டு வருகிறார். மலைக்கும் வீடுகளுக்கும் கருநீலத்தில் கோடு கட்டியிருப்பதை அவளிடமே கேளுங்கள், வரைந்த பிள்ளைக்குத் தெரியும்.

இன்னொன்று. 1889 ஜூனில் சென்-ரெமி மனநல மருத்துவமனையில் இருந்தபோது, பகல் நேரத்தில், அறைக்குள் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்தது அது. ஜன்னல் வழியே விடியற்கால வானம் தெரிந்தது, அந்த ஊர் தெரியவில்லை. கோயில் கோபுரம்கூட அவர் பிறந்த டச்சு நாட்டுக் கோபுரம்போல ஊசியாக இருக்கிறது. கண் பார்த்தது பாதி, மனம் பார்த்தது பாதி.

சரியான விடையான ‘போஸ்ட் இம்ப்ரஷனிசம்’ (இம்ப்ரஷனிசத்துக்குப் பிந்தையது) என்ற பெயரை விமர்சகர் ரோஜர் ஃப்ரை லண்டனில் 1910இல் நடத்திய கண்காட்சிக்காக வைத்தார். அதற்குள் வான்கோ, செரா, கோகன், செசான் நால்வருமே இறந்துவிட்டார்கள். தங்கள் இயக்கத்தின் பெயர் என்னவென்று அவர்கள் காதில் விழவே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதில் தடுமாறியதற்கு வருத்தப்பட வேண்டாம். படத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

க்யூபிசத்தில் பிக்காசோ யார், பிராக் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஈரோடு

1910, 1911 படங்களில் நானும் அடிக்கடி தவறவிடுவேன். க்யூபிசத்தை, அதாவது பொருளை உடைத்துப் பல கோணங்களில் காட்டும் பாணியை, சேர்ந்து உருவாக்கிய இந்த இருவரும் பாரிசில் தினமும்போலச் சந்தித்து, ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து வேலை செய்தார்கள். பல படங்களில் முன்பக்கம் கையெழுத்தே போடவில்லை. இயக்கத்தை மட்டும் கண்டுகொள்வது எளிது: இங்கே விளிம்பு திறந்துகிடக்கும். வயலினின் ஓரக் கோடு ஆரம்பித்து, பாதியில் நின்று, பக்கத்துச் சுவர் உள்ளே கசிந்துவிடும்.

ரவி வர்மாவை எந்த இயக்கத்தில் சேர்ப்பது?
— வாசகி, நாகர்கோவில்

ஐரோப்பாவின் கலைக்கழகப் பாணி, அதாவது அகாடமிக் யதார்த்தம். அவர் பிறந்தது 1848, மொனே 1840. ஒரே தலைமுறைதான், ஆனால் பாரிசில் நடந்த கலகத்தின் சாயல் இவரிடம் இல்லை. இவர் எடுத்துக்கொண்டது அந்தக் கலகக்காரர்கள் எதை எதிர்த்தார்களோ அந்தப் பயிற்சியை. அவருடைய எண்ணெய் வண்ணப் படம் எதிலாவது புடவை மடிப்பின் நிழலைப் பாருங்கள். பழுப்பாக இருக்கும், நீலமாக இருக்காது. சரிகை ஓரத்தில் மட்டும் தூரிகை சின்னச் சின்னப் புள்ளியாக நின்று ஒளியை வைத்துவிட்டுப் போயிருக்கும். கிட்டே போனால் வெறும் மஞ்சள் பொட்டு, இரண்டடி தள்ளி நின்றால் தங்கம்.